யூ.எஃப்.டபிள்யூ: சொல்வதெல்லாம் உண்மைதான்

சர்வர் மும்பையில், மாத வாடகைக்கு. அதை நம்பியிருக்கும் கடைகளோ அறந்தாங்கியிலும் ஆவுடையார்கோவிலிலும் மணமேல்குடியிலும். உரக்கடை, இரும்புக்கடை, ஜவுளிக்கடை என எல்லாருடைய பில்லும் ஸ்டாக்கும் அதில்தான் ஓடுகின்றன. சில மாதங்களாக அதற்குக் காவல் யூ.எஃப்.டபிள்யூ என்கிற ஃபயர்வால். 2008-ல் வந்த உபுண்டு 8.04 முதல் அந்த லினக்ஸோடு கூடவே வருவது. பாக்கெட்டுகளை உண்மையில் வடிகட்டுவது கெர்னலுக்குள் இருக்கும் நெட்ஃபில்டர். யூ.எஃப்.டபிள்யூ அதற்கு உத்தரவு எழுதித்தரும் குமாஸ்தா. இதை மறந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த விமர்சனத்தில் பாதி.

நிறுவுவதைப் பற்றிப் பேச அதிகமில்லை. வெளியிலிருந்து வருவதை மறு, உள்ளிருந்து போவதை விடு. இதுதான் ஆரம்ப நிலை. 22, 80, 443 மூன்றையும் திறந்துவிட்டு 'எனேபிள்' அடித்தால் வேலை முடிந்தது. இதையே ஐபிடேபிள்ஸில் கைவலிக்க எழுதியவர்களுக்குத்தான் இந்தச் சுகம் புரியும். ஐபிவி6-க்கும் அதே விதிகளைக் கேட்காமலே போட்டுவிடுகிறது. மொபைல் நெட்வொர்க்குகள் ஐபிவி6 முகவரிகளை வாரி வழங்கும் நம் நாட்டில் இது சின்ன உதவி இல்லை.

எரிச்சலூட்டுவது அந்த எச்சரிக்கை. எஸ்.எஸ்.ஹெச் வழியாக நுழைந்து எனேபிள் கொடுத்தால், இருக்கிற இணைப்பு அறுந்துபோகலாம், தொடரட்டுமா என்று கேட்கும். 22 திறந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்கக் கூடாதா? பார்க்காது. திறந்தவனிடமும் திறக்காதவனிடமும் ஒரே கேள்வி. ஆகவே எல்லாரும் பழக்கதோஷத்தில் 'ஒய்' தட்டிவிட்டுப் போகிறார்கள்.

எதிர்பாராத சந்தோஷம் லாக்தான். தடுத்த பாக்கெட் எந்த முகவரியிலிருந்து வந்தது, எந்தப் போர்ட்டைத் தட்டியது என்று வரிவரியாக எழுதி வைக்கிறது. 445, 3389, 6379 என்று ஓயாத தட்டல். 2016-ல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது டெல்நெட்டின் 23 வழியாக. அந்த 23-ஐ இன்றைக்கும் யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உரக்கடைக்காரரிடம் காட்டினேன். "ஏன் தம்பி, நம்ம யூரியா கணக்கைப் பாத்து அவன் என்ன பண்ணப் போறான்?" என்றார். "பாக்க மாட்டாண்ணே, அழிச்சிட்டுக் காசு கேப்பான்" என்றேன். 2017 தொடக்கத்தில் பூட்டில்லாமல் கிடந்த மோங்கோ டிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் அப்படித்தான் அழிக்கப்பட்டன. தரவு இருந்த இடத்தில் பிட்காயின் கேட்கும் சீட்டு மட்டும் கிடந்தது.

இனி டாக்கர் விவகாரம். இன்று எந்தச் சின்ன மென்பொருளும் டாக்கர் கன்டெய்னராகத்தான் வருகிறது, எங்கள் போஸ்ட்கிரஸ் உட்பட. அதன் கம்போஸ் கோப்பில் '5432:5432' என்று ஒரு வரி இருந்தால் போதும், யூ.எஃப்.டபிள்யூ என்ன சொன்னாலும் தரவுத்தளம் ஊருக்கே திறந்துவிடும். இத்தனைக்கும் 'ஸ்டேட்டஸ்' கேட்டால் 22, 80, 443 மட்டும்தான் திறப்பு, மற்றதெல்லாம் மறுப்பு என்று பளிச்சென்று காட்டும். அதில் பொய் ஏதுமில்லை. குமாஸ்தா தன் பேரேட்டில் இருப்பதைத்தான் படிக்கிறார். டாக்கர் அவரைக் கேட்காமல் நெட்ஃபில்டரிடம் நேராகப் போய்த் தன் விதியை எழுதிவிடுகிறது. வரும் பாக்கெட்டின் முகவரியை முதல் கட்டத்திலேயே கன்டெய்னருக்கு மாற்றிவிடுவதால், அது சர்வருக்கே வந்த பாக்கெட்டுகள் போகும் 'இன்புட்' பாதையில் போவதில்லை, 'ஃபார்வர்டு' பாதையில் போகிறது. நாம் போட்ட தடையெல்லாம் 'இன்புட்'டில் காத்துக்கிடக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாது என்று டாக்கரின் ஆவணமே எழுதி வைத்திருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

'ஷோ லிசனிங்' என்றொரு கட்டளை உண்டு. அதில் 5432-க்கு நேரே டாக்கர்-பிராக்ஸி என்ற பெயர் தெரியும், கீழே விதி எதுவும் இருக்காது. பார்க்கிறவர் விதி இல்லையென்றால் தடை என்றுதான் எடுத்துக்கொள்வார். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை வரி காட்டியிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். உண்மை தெரிய வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நின்று, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் டெர்மக்ஸ் திறந்து என்மேப் ஓட்டினால் டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிடும்: 5432, ஓப்பன்.

மருந்து எளிது. '127.0.0.1:5432:5432' என்று எழுதினால் போர்ட் சர்வருக்குள்ளேயே நிற்கும். கன்டெய்னர்கள் தங்களுக்குள் பேசினால் போதுமென்றால் அந்த வரியே வேண்டாம். வெளியே திறந்துதான் ஆக வேண்டும், ஆனால் சிலருக்கு மட்டும் என்றால் டாக்கர்-யூசர் என்ற சங்கிலியில் விதி எழுத வேண்டும். டாக்கரை ஐபிடேபிள்ஸைத் தொடாதே என்று அடக்கிவிடுங்கள் என யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், கன்டெய்னர்களுக்கு வெளியுலகத் தொடர்பு அறுந்துபோகும்.

உள்ளிருந்து போவதை எல்லாம் விடுவதும் எனக்கு ஒப்பவில்லை. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில், இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. முக்கிய உள் நெட்வொர்க் தனி என்றும் சொன்னது. புகுந்த நிரல் அடுத்துச் செய்யப் பார்ப்பது வெளியே பேசுவதைத்தான், அதற்கு இந்த ஆரம்ப நிலையில் தடையே கிடையாது. தரவுத்தளம் மட்டும் இருக்கும் சர்வரில் வெளிவழியையும் மூடிவிடலாம். மற்றவற்றில் அப்டேட், நேர ஒத்திசைவு, டிஎன்எஸ் என்று ஒவ்வொன்றாகத் திறந்து மாளாது.

விதிகளின் வரிசை இன்னொரு தலைவலி. முதலில் பொருந்துவதே செல்லும். 22-ஐத் திறந்த பிறகு ஒரு முகவரியைத் தடுத்தால் அது கடைசியில் போய் உட்காரும், பலன் இருக்காது. 'இன்சர்ட் 1' போட வேண்டும். 30 நொடிக்குள் ஆறு முறை தட்டினால் மறுக்கும் 'லிமிட்' அருமை, ஆனால் 22-க்கு மட்டும். மொபைல் நெட்வொர்க்குகளில் பலர் ஒரே ஐபிவி4 முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். 443-ல் லிமிட் போட்டால் நம் கடைக்காரரே மாட்டுவார்.

லாக்கை ஒரு மாதம்தான் வைத்திருக்கிறது, வாரம் ஒரு கோப்பாக நான்கு. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு நிறுவனங்களிடம் கேட்பது 180 நாள். லாக்ரொட்டேட்டில் அந்த 4-ஐ 26 ஆக்கிக்கொள்ளுங்கள்.

2014-லேயே கெர்னலுக்கு வந்துவிட்ட என்எஃப்டேபிள்ஸில் நேரடியாக எழுதலாமே என்கிறார்கள் நண்பர்கள். எழுதலாம், அதன் கோப்பு பார்க்கவும் அழகு. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குக் கடைக்காரர் கூப்பிட்டு, போனின் சின்னத் திரையில் ஒரு போர்ட்டைத் திறக்க வேண்டி வந்தால், என் கட்டைவிரல் யூ.எஃப்.டபிள்யூவின் ஒற்றை வரியைத்தான் தேடும்.