மாலை போட்டால் குடி நிற்குமா?

குடியை நிறுத்த வைக்க வேண்டும் என்றால் பொள்ளாச்சிப் பக்கத்து வீடுகளில் முதலில் எழும் யோசனை ஆஸ்பத்திரி அல்ல. “இந்தக் கார்த்திகைக்கு மாலையப் போட்டு உடுங்க, தானா நின்னுரும்” என்பதுதான். சபரிமலைக்கோ, தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரைக்கோ மாலை. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் குண்டம் இறங்குவதென்றால் அதற்கும் விரதம். படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அப்படி ஒதுக்க மனம் வரவில்லை. மருத்துவரால் எழுதிக்கொடுக்க முடியாத ஒன்றை அந்தத் துளசி மணி கொடுக்கிறது.

குடியை விட நினைப்பவருக்குப் பாட்டிலைவிடப் பெரிய தொல்லை கூடக் குடிப்பவர்கள். கொப்பரைக் களத்தில் கூலி வாங்கியதும் ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டுக் குவாட்டர் வாங்கும் கூட்டத்தில் ஒருவர் வேண்டாம் என்றால், “பெரிய ஆளாயிட்டயாக்கும்” என்ற நக்கல் வரும். கழுத்தில் மாலை கிடந்தால் யாரும் வற்புறுத்துவதில்லை. முந்தின நாள்வரை ‘டேய்’ போட்டவரே ‘சாமி’ என்று வழிவிடுகிறார். வீட்டிலும் பல வருடங்களாகக் கிடைக்காத மரியாதை ஒரே காலையில் திரும்பி வருகிறது. டாஸ்மாக் மதுக்கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்துகிறது. அதில் ஆபத்தான அந்தி நேரத்தை மாலை போட்டவர்களின் பஜனை அடைத்துக்கொள்கிறது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் தனி ஆளின் மனவுறுதியை நம்பவில்லை. கூடி உட்கார்வதைத்தான் நம்பின.

ஆனால் மாலைக்கு உடம்பு தெரியாது. வருடக்கணக்கில் தினமும் குடித்தவரின் மூளை, மது உண்டாக்கும் மந்தத்தை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். மது திடீரென நின்றால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும்; முதல் இரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு; மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு இடம், ஆள் தெரியாத குழப்பம், இல்லாத பூச்சி ஊர்வதாகத் தோன்றும் பயம். இந்த நிலை உயிரையே எடுக்கக்கூடியது. மாலை போட்டவருக்கு இது வந்தால் சாமி குத்தம் என்று வீட்டில் நினைக்க எல்லா வாய்ப்பும் உண்டு. போதாததற்கு ஒருவேளைச் சாப்பாடு. ஏற்கெனவே தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப்போன உடம்பு அது. மயங்கினால் பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, ஒரு கட்டிங் போட்டால் நிற்கிறதா என்று மாலை போடும் குருசாமி ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆமாம் என்பவர் முதலில் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனை. நடுக்கத்தை அடக்க மருந்து இருக்கிறது. அது முடிந்து மாலை போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு குறை 41 நாள் விரதம் முடிந்த 42-ஆம் நாளில் இருக்கிறது. மலை இறங்கி மாலையைக் கழற்றியதும், மறுக்கக் கிடைத்த உரிமையும் கழன்றுவிடுகிறது. “நாப்பத்தோரு நாள் இருந்தனே, நினைச்சா உட்ருவன்” என்ற தைரியம் வேறு. நோய் இல்லை என்பதற்கே விரதம் சாட்சியாகிவிடுகிறது. வருடாவருடம் நிறுத்தித் தொடங்குவதிலும் கேடு உண்டு: ஒவ்வொரு முறையும் விடும்போது வரும் நடுக்கமும் வலிப்பும் முன்னைவிடக் கடுமையாகலாம். இந்த வழியில் பெண்களுக்கும் வேற்று மதத்தாருக்கும் பெரிதாக இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஊரும் ஒத்துழைப்பதில்லை. 2023–24-இல் டாஸ்மாக் அரசுக்கு ஈட்டித் தந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இங்கே கள் இறக்கத் தடை. கோபாலபுரம் தாண்டினால் கேரளத்துக் கள்ளுக்கடை. கடையை மூடு, கள்ளைத் திற என்று நடக்கும் சண்டைகளில் குடிப்பவரின் சிகிச்சையைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

மருத்துவமனையின் குறை மாலையின் குறைக்கு நேர் எதிரானது: உடம்பைத் தெரியும், ஊரைத் தெரியாது. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை இதைப் புரிந்துகொண்டு, டெல்டா கிராமமான மஞ்சக்குடியில் முகாம் போட்டு, ஊர்க்காரர்கள் நடுவிலேயே சிகிச்சை தந்தது. பொள்ளாச்சியில் அந்த ஊர்க்கூட்டம் பஜனைக் குழுவாக ஏற்கெனவே இருக்கிறது. யாத்திரை முடிந்ததும் கலைந்துவிடுகிறது, அவ்வளவுதான். மாதம் ஒருமுறை கூடினால் என்ன? பூஜைகூட வேண்டாம், டீ போதும்.

மாலை கொடுத்த சாக்கை ஓரளவுக்கு டைசல்ஃபிரம் மாத்திரையும் கொடுக்கும். அதைச் சாப்பிடுபவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். “மாத்திரை சாப்புடறனுங்க, குடிச்சா ஆகாது” என்று களத்தில் அவர் சொல்லிக்கொள்ளலாம். ஈரலும் இதயமும் சோதித்து, மருத்துவர் கண்காணிப்பில், குடிப்பவருக்குத் தெரிந்தே கொடுக்க வேண்டிய மருந்து இது. ஆனால் ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்’ என்ற விளம்பரங்களை நம்பி எதையோ வாங்கிக் குழம்பில் கலக்கும் வீடுகள் இருக்கின்றன. அந்தப் பொடியில் இந்த மருந்தே இருந்தால், விவரம் தெரியாமல் அன்றைக்கும் கடைக்குப் போகிறவரின் உயிருக்கே அது ஆபத்து. வேண்டாம் என்று சொல்ல அவர் கையில் ஒரு சாக்கும் இருக்காது.