சந்திரசேகர் கதையை எப்படிச் சொல்கிறோம்?

ஆய்வு மாணவர்களுக்கு "தன்னம்பிக்கையோடு பேசுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள் சுப்ரமணியன் சந்திரசேகரை அடிக்கடி இழுத்து வருவார்கள். எடிங்டன் சபையில் கேலி செய்தார், இவர் அசரவில்லை, 1983-ல் நோபல் வாங்கினார். அதனால் நீங்களும் துவண்டுவிடாதீர்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் காமேஷ்வர் வாலி எழுதிய சந்திராவின் வாழ்க்கை வரலாற்றை (1991) குறிஞ்சிப்பாடியில் வாரக்கடைசிகளில் உட்கார்ந்து படித்தபோது எனக்குக் கிடைத்தது வேறு பாடம்.

1935 ஜனவரி 11, லண்டன், ராயல் வானியல் கழகம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் போன சந்திராவுக்கு அப்போது வயது 24. வெள்ளைக் குள்ள விண்மீனின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பது அவர் கணக்கு. இன்றைய மதிப்பில் அது சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. அவர் தயாரிப்பில் குறையில்லை. பேசக் கூடுதல் நேரம் வாங்கிக் கொடுத்ததே எடிங்டன்தான். அடுத்துப் பேச எழுந்த அதே எடிங்டன், அடிப்படையே தப்பு என்று கிண்டலடித்தார். சபை சிரித்தது. சந்திரா வாய் திறப்பதற்குள் தலைவர் அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டார்.

அதே ஆண்டு பாரிஸில் சர்வதேச வானியல் ஒன்றியக் கூட்டம். எடிங்டன் மறுபடியும் தாக்கினார். பதில் சொல்லலாமா என்று சந்திரா துண்டுச்சீட்டு அனுப்பிக் கேட்டார். தலைமை வகித்த ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் வேண்டாம் என்றார். இத்தனைக்கும் எடிங்டன் சொல்வதில் ரஸ்ஸலுக்கே நம்பிக்கை இல்லை. போர், பவுலி போன்ற இயற்பியலாளர்களும் சந்திரா பக்கம்தான், ஆனால் தனிப்பட்ட முறையில் மட்டும். சபையில் யாரும் எழுந்து சொல்லவில்லை.

இதில் சந்திராவிடம் தன்னம்பிக்கை எங்கே குறைந்தது? இளைஞர் பேசத் தயாராக இருந்தார், பேச விடவில்லை. கடைசியில் 1939-ல் விண்மீன் அமைப்பு பற்றிய புத்தகத்தோடு அந்தத் துறையை மூட்டை கட்டிவிட்டு வேறு ஆய்வுக்குப் போய்விட்டார். நோபல் கதையில் இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை.

வாலியின் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது, எடிங்டனை வில்லனாக்காமல் விட்டது. அவர் மேல் சந்திராவுக்குக் கடைசிவரை இருந்த மரியாதையும் அதில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் நம் கவனம் ஒரு தனிமனிதரின் குணத்தை விட்டுவிட்டு, கூட்டம் நடத்திய முறைக்குப் போகிறது.

என் தொழிலில் கோட் ரிவ்யூ என்று ஒன்று உண்டு. எவ்வளவு பெரிய சீனியர் குறை சொன்னாலும், அதன் கீழேயே ஜூனியர் பதில் எழுத இடம் இருக்கும். அந்த இடம் இருப்பதால்தான் புதுசா சேர்ந்த பையனும் பொண்ணும் ஆறே மாதத்தில் வாதாடக் கற்றுக்கொள்கிறார்கள். யாரும் அவர்களுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பதில்லை.

நம்மூர்க் கருத்தரங்குகளுக்கும் பொது வைவாவுக்கும் நான் கேட்பது இவ்வளவுதான். கடைசிக் கேள்வி கேட்ட பேராசிரியருக்கு நன்றி சொல்லிச் சபையைக் கலைப்பதற்கு முன்னால், தலைமை வகிப்பவர் அந்த மாணவர் பக்கம் திரும்பி "நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஒருதடவை கேட்கட்டும்.