சித்திரமும் சரக்கும்

இணையச் சந்தையில் சித்திரம் விற்கும் நண்பர்கள் கூடினால் ஒரே கேள்விதான்: ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கலாம்? ஒரு தட்டில் நேரம், மறு தட்டில் தரம். எனக்கு இந்தத் தராசின் மேலேயே அவநம்பிக்கை.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் கொண்டுவந்த முறைப்படி, வரைந்தவன் பங்கு 15 சதவீதத்தில் தொடங்கி, விற்பனை கூடக்கூட 40 வரை ஏறும். ஜனவரி 1 பிறந்ததும் எல்லோரும் மறுபடி அடிப்படிக்கு இறங்கவேண்டும். ஒரு விற்பனைக்குக் குறைந்தபட்சம் 10 சென்ட். அந்த விலையிலேயே வைத்துப் பார்த்தால், 10 மணி நேரம் வரைந்த படம் 100 முறை விற்றால் 10 டாலர். மணிக்கு ஒரு டாலர். ஒரு மணி நேரத்தில் வரைந்ததற்கு அதே கூலி கிடைக்க 10 விற்பனை போதும். ஆகவே வேகமாக வரை, நிறைய வரை என்கிறது கணக்கு. கணக்கில் பிழையில்லை.

பிழை, தரம் என்ற சொல்லில். அது இங்கே இரண்டு காரியங்களைக் குறிக்கிறது. கோடுகள் மூடியிருக்கின்றனவா, வேண்டாத புள்ளிகள் எஞ்சியிருக்கின்றனவா, பெரிதாக்கினால் நிற்குமா என்பது ஒன்று. இது தொழில் சுத்தம். கை பழகப் பழக நேரம் குறையும். மற்றது, வரைந்தவன் எதைப் பார்த்தான் என்பது. இங்கே பழக்கம் நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை, பார்வையைத்தான் கெடுக்கிறது. பல்பாக எரியும் யோசனை, ஏணிமேல் நிற்கும் கோட்டு சூட்டு மனிதன், இவையெல்லாம் யாரும் பார்த்து வரைந்தவையல்ல.

க்ளிஷே என்ற ஃப்ரெஞ்சுச் சொல் முதலில் அச்சுத் தொழிலுடையது. வார்த்தெடுத்த அச்சுத் தகட்டின் பெயர். நம் அச்சுக்கூடங்களிலும் கல்யாணப் பத்திரிகைக்கென்று பிள்ளையார் ப்ளாக் இருந்தது. ஒரே பிள்ளையார் எல்லோர் வீட்டுக் கல்யாணத்துக்கும் வந்தார். அவர் தன்னைப் படைப்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை. பொதுச் சரக்கு இழிவல்ல. சரக்கின் அளவுகோலைப் படைப்பின்மேல் வைப்பதுதான் இழிவு.

எனக்கு அச்சம் தருவது வேறொன்று. வாங்குபவர் தம் வாசகத்தைப் போட்டுக்கொள்ளப் படத்தின் ஒரு பக்கத்தைக் காலியாக விடுவது இந்தச் சந்தையின் வழக்கம். கவிதையில் சொல்லாமல் விட்ட இடம் அர்த்தத்தின் பகுதி. இங்கே அது வாடகைக்கு விட்ட திண்ணை. பத்து வருஷம் இப்படிப் பழகிய கை, தனக்கென்று வரையும்போதும் திண்ணையை ஒதுக்கிவிட்டே உட்காரும். இந்த நஷ்டம் எந்தத் தட்டிலும் ஏறுவதில்லை.

2022 செப்டம்பரில் கெட்டி இமேஜஸ் இயந்திரம் ஆக்கிய படங்களை மறுத்தது. டிசம்பரில் அடோபி ஸ்டாக் ஏற்றது. யார் மறுத்தாலும் ஏற்றாலும், எண்ணிக்கைப் பந்தயத்தில் இனி கை ஜெயிக்காது. வேகத்தின் பக்கம் இருந்த வாதம் அதோடு விழுந்தது. தரத்துக்குச் சந்தை கூலி கொடுக்கும் என்று நான் சொல்லவில்லை, கொடுக்காமலும் போகலாம்.

ஒரே படத்துக்குள் நேரத்தையும் தரத்தையும் சமரசப்படுத்துவதால் அரைச் சுத்தமும் அரைப் பார்வையுமே மிஞ்சும். ப்ளாக்கை ப்ளாக்காகவே செய்து, விலைபோகும்வரை விற்கலாம், வெட்கமில்லை. வேறொன்றைக் கடிகாரத்துக்கு வெளியே வைத்து வரையவேண்டும், திண்ணை இல்லாமல். அது விற்காமல் போனால், விற்காத படம் ஒன்று இருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான்.