கிளை விடும் சங்கிலி

பொரித்த எண்ணெயில் விமானம் பறக்கிறது என்றதும் எல்லோரும் எண்ணெயை மெச்சுகிறார்கள். மெச்ச வேண்டியது வினையூக்கியை. பின்லாந்தின் போர்வோவில் நெஸ்டே நிறுவனம் 2007இல் தொடங்கிய வகை ஆலைகளில், உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் சேர்த்துக் கொழுப்பிலுள்ள ஆக்சிஜனைக் கழற்றுகிறார்கள். அது பெரும்பாலும் தண்ணீராகப் போய்விடும். மிஞ்சும் 18 கார்பன் நேர்ச்சங்கிலியோ 28 டிகிரியிலேயே மெழுகாய் உறையும். ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது. கைவண்ணம் இங்கேதான்: பிளாட்டினம் ஏற்றிய நுண்துளைப் படிகமான வினையூக்கிக்குள் புகுந்த சங்கிலி, ஓரிரு கிளை விட்டு வெளியே வருகிறது. கிளைத்தவை நெருங்கி அடுக்கிக்கொள்ள முடியாததால் குளிரிலும் ஓடும். டீசலுக்கு இது போதும். ஜெட்டுக்குக் கொஞ்சம் நறுக்கவும் வேண்டும். நறுக்கு மிஞ்சினால் கையில் ஜெட்டுக்கு உதவாத இலகுவான நாப்தாதான்.

இந்த எரிபொருளை எரித்தாலும் கரியமில வாயுதானே என்பார்கள். ஆம், ஆனால் செடி அண்மையில் காற்றிலிருந்து எடுத்த கார்பன் அது. கழிவெண்ணெய் உலகுக்குப் போதாது என்பதுதான் வலுவான ஆட்சேபம். காட்டை அழித்து எண்ணெய்ப்பனை நட்டால் கணக்கே தலைகீழாகிவிடும். ஹைட்ரஜனும் இன்று பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தே வருகிறது. இவை மூலப்பொருளின் குறைகள், வேதிவினையின் குறையல்ல. வினைக்கென்றே ஒரு குறை உண்டு: அரோமாட்டிக் எனப்படும் வளையச் சேர்மங்கள் இந்த எரிபொருளில் அநேகமாக இருப்பதில்லை, பழைய ரப்பர் சீல்கள் உப்பி இறுக அவை வேண்டும். 2023 நவம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க் பறந்த வர்ஜின் அட்லாண்டிக் விமானத்தில் இவ்வகை எரிபொருள் 88 சதவீதம். மீதி 12, தாவரச் சர்க்கரையிலிருந்து செய்த அரோமாட்டிக் மண்ணெண்ணெய்.