இரண்டாவது நோட்டு

அளக்க முடியாததை ஆள முடியாது. சில வாரங்களுக்கு முன் திண்டுக்கல்லில் சிறுதொழில் செய்பவர்களுக்காக நடந்த ஒரு பயிற்சி வகுப்பில், திரையில் முதலில் விழுந்த வாசகம் இது. கீழே எட்வர்ட்ஸ் டெமிங் என்று பெயர் போட்டிருந்தார்கள். வகுப்பு எடுத்த இளைஞர் பவர் பிஐ, ஸோஹோ அனலிட்டிக்ஸ், டேப்லோ என்று டேட்டாவை அலசும் மூன்று கருவிகளை அடுத்தடுத்துக் காட்டினார். வண்ண வண்ணமாக வரைபடங்கள் மலர்ந்தன. முடிக்கும்போது, “இனிமே உங்க கம்பெனியில டேட்டா எல்லாருக்கும் பொது” என்றார். நத்தத்திலிருந்து வந்திருந்த சட்டைக் கம்பெனிக்காரர்கள் அந்தத் திரையை போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நிர்வாகவியல் அறிஞரான டெமிங் சொன்னது அந்த வாசகத்துக்கு நேர் எதிர். அளக்க முடியாததை நிர்வகிக்க முடியாது என்று நினைப்பது நிறைய விலை கொடுக்கவைக்கும் கட்டுக்கதை என்றுதான் அவர் 1993-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் எழுதினார். கட்டுக்கதை என்றதை வெட்டிவிட்டு மீதியை மட்டும் உலகம் முழுக்கத் திரையில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். டேட்டாவைப் பற்றிப் பாடம் எடுப்பவர்கள் தங்கள் முதல் வரியின் டேட்டாவைச் சரிபார்க்கவில்லை என்பது வேடிக்கைதான். ஆனால் என் சண்டை அதோடு இல்லை. அந்த இளைஞர் கடைசியாகச் சொன்னாரே, எல்லாருக்கும் பொது என்று, அதோடுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு அனுப்பிய லாட்டில் 44 சைஸ் எந்த ஊரில் தேங்கிக் கிடக்கிறது, எந்தக் கடைக்காரர் ஆறு மாதமாகப் பாக்கி இழுக்கிறார், எந்த நிறம் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது என்பதையெல்லாம் கண்டுபிடிக்க முன்பு டேலியில் நாலு அறிக்கை எடுத்து எக்ஸெல்லில் ஒட்டி ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும். இப்போது காலை டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடுகிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு பில்லெல்லாம் எப்படியும் கணினியில் ஏறுகிறது. அதை வைத்து நாலு விஷயம் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. போன வருட ஞாபகத்தை நம்பித் துணியை வாங்கிப்போட்டு நஷ்டப்பட்டவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். விற்பனைக்கும் சரக்குக்கும் இந்தக் கருவி கெட்டிக்காரக் கருவி. அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் இந்தக் கருவிகளை விற்பவர்கள் இரண்டு வேலைகளைச் சேர்த்தே சொல்கிறார்கள்: அலசுவது, பகிர்வது. அலசுவது நடக்கிறது. பகிர்வது நடப்பதில்லை. எண் பிறப்பது தையல் மிஷினில். அது போய்ச் சேர்வது ஓனரின் அறையில். போனது திரும்பி வருவதில்லை. ஒரே திசையில் போவதைப் பகிர்வு என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. அதற்குப் பெயர் தகவல் கொடுப்பது. போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால் இன்னொரு பெயரும் சொல்வார்கள்.

இத்தனைக்கும், இந்தக் கருவிகளின் குடும்பப் பெயரான பிசினஸ் இன்டெலிஜென்ஸ் என்ற பெயரில் 1958-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் எழுதிய கட்டுரையின் அக்கறையே பரப்புவதுதான். ஒரு நிறுவனத்துக்குள் வரும் தகவல் அதன் பல பிரிவுகளிலும் யாருக்குத் தேவையோ அவரிடம் தானாகப் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் போட்ட திட்டம். 1989-இல் ஆய்வாளர் ஹோவர்ட் டிரெஸ்னர் அந்தப் பெயரைத் தூசிதட்டி எடுத்தபோது அது முடிவெடுப்பவரின் மேசைக்கு உரிய கருவியாகிவிட்டது. முடிவு எடுப்பவர் மேலே இருப்பவர் என்பதை யாரும் விவாதிக்கக்கூட இல்லை.

இந்தக் கருவி வருவதற்கு முன் நத்தத்தில் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் எது போயிற்று என்று தெரியும்.

என் அத்தை இருபது வருடத்துக்கு மேலாகக் காலர் தைக்கிறார். சட்டைத் தொழிலில் காலர் ஒருவர், கஃப் ஒருவர், கை ஏற்றுவது ஒருவர், காஜா பட்டன் வேறொருவர். கூலி பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம். சூப்பர்வைசரிடம் ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு டெய்லரிடமும் ஒரு நோட்டு இருக்கும். அத்தையுடையது நாற்பது பக்க நோட்டு, பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்தது. மிஷின் பெட்டிக்குள் பாபினோடு கிடக்கும். ஒரு பண்டல் முடிந்ததும் காலில் ஒட்டிய நூலைத் தட்டிவிட்டு, எண்ணைப் போட்டுக்கொண்டுதான் அடுத்த பண்டலைப் பிரிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடித்துக்கொண்டே வருவார்கள். ஒத்துப்போகாத இடத்தில் விரல் நிற்கும். “செவ்வாக்கிழமை மத்தியானம் கரண்ட் போச்சுல்ல, அதுக்கு முன்னாடி முடிச்ச பண்டல்” என்பார் அத்தை. பக்கத்து மிஷின்காரர் ஆமாம் என்பார், அல்லது இல்லை என்பார். ஒரு எண் அடிக்கப்படும், மேலே வேறொரு எண் எழுதப்படும். அடிபட்ட எண்ணும் கீழே தெரியும்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பக்கம் சொல்வார்கள். அந்தப் பழமொழி கல்நெஞ்சத்தைப் பற்றியதாகச் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது கணக்கைப் பற்றியது. உறவு எவ்வளவு நெருக்கமானாலும் இரண்டு பேரிடமும் கணக்கு இருக்க வேண்டும். சீசனில் கல்லாமையும் செந்தூரமும் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போகும் மாந்தோப்புக்காரர் கையில் எடை, விலை, கமிஷன், இறக்குகூலி எல்லாம் எழுதிய சீட்டோடுதான் திரும்புகிறார். அந்தச் சீட்டில் ஏமாற்று இல்லை என்று சொல்லமாட்டேன். ஏமாற்று இருந்தால் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் கேட்கலாம்.

அத்தை வேலை பார்த்த கம்பெனியில் டாஷ்போர்டு வந்தது. அலுவலகச் சுவரில் பெரிய டிவி. பண்டலுக்குப் பார்கோடு ஸ்டிக்கர். முடிந்த பண்டலை ஸ்கேன் செய்தால் எண் தானாக ஏறும். நோட்டு வேண்டாம், நேரம் மிச்சம் என்றார்கள். நேரம் மிச்சமானது உண்மை. ஒரு சனிக்கிழமை அத்தையின் கணக்கில் 30 பீஸ் குறைந்தது.

“சிஸ்டத்துல ஏறலையேக்கா” என்றார் சூப்பர்வைசர். நல்ல பையன்தான், அத்தையிடம் அதட்டிப் பேசியதே இல்லை.

“ஏறலைன்னா நான் தைக்கலைன்னு ஆயிருமா தம்பி?”

பையனிடம் பதில் இல்லை. அவர் கையில் நோட்டும் இல்லை. அத்தை மட்டும் பழக்கம் விடாமல் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்திருந்தார். அதை வைத்துத் தேடியபோது ஸ்டிக்கர் உதிர்ந்த ஒரு பண்டல் ஸ்கேன் ஆகாமலே காஜாவுக்குப் போயிருந்தது தெரிந்தது. அடுத்த வாரம் கூலியைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் டிவியில் அந்த வாரத்து அத்தையின் கட்டம் சிவப்பாகவே நின்றது. அதைத் திருத்த ஓனரின் மருமகனுக்குத்தான் பாஸ்வேர்டு. அவர் கோயம்புத்தூரில் இருந்தார். தீபாவளி ஓவர்டைமுக்கு ஆள் பிரித்தபோது சிவப்புக் கட்டம் உள்ளவர்களை விட்டுவிட்டார்கள். ஓனர் கெட்டவர் இல்லை. அவர் பார்த்தது படத்தை. அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டிக்கர் உதிர்ந்த கதை இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? முன்பென்றால் சனிக்கிழமைப் பேச்சு அவர் காதில் விழுந்திருக்கும்.

ஒரு பண்டல் காலருக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். அங்கே அஞ்சல் நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் போட்டது. அதைக் கொடுத்தது புஜிட்சு நிறுவனம். கணினியில் பணம் குறைவாகக் காட்டியது. கிளை நடத்தியவர்கள் திருடினார்கள் என்று வழக்குப் போட்டார்கள். ஒரு பெண் உதவி மையத்துக்கு போன் போட்டு அவர்கள் சொன்னபடியே விசைகளை அழுத்தினார். 2,000 பவுண்டு குறை கண்ணெதிரே 4,000 ஆனது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். உங்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது என்று அவர்களில் பலரிடம் சொல்லியிருந்தார்கள். மென்பொருளில்தான் பிழை என்று 2019-இல் நீதிமன்றம் சொன்னது. தண்டனைகளை மொத்தமாக நீக்கத் தனிச் சட்டமே 2024-இல் கொண்டுவந்தார்கள். ஹொரைசன் டாஷ்போர்டு இல்லை, கணக்கு மென்பொருள், தெரியும். ஆனால் நோய் ஒன்றுதான். நிறுவனத்திடம் ஒரு கணக்கு, அதை எதிர்த்துக் காட்டக் கிளை நடத்தியவர்களிடம் எதுவும் இல்லை. அவர்களுக்குள் ஒருவர் கணக்கை ஒருவர் பார்க்க முடிந்திருந்தால், உங்களுக்கு மட்டும்தான் என்ற அந்தப் பொய் ஒரு வருடம்கூடத் தாங்கியிருக்காது.

வெளிநாடு வரை போகவேண்டாம். நத்தம் ஒன்றியத்துக் கண்மாய்க் கரைக்கே வாருங்கள். நூறு நாள் வேலைக்கான 2005 சட்டம் வேலை அட்டையைத் தொழிலாளியின் கையில் கொடுத்தது. எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று அதில் பதிய வேண்டும் என்றது. சட்டமே போட்டுக் கொடுத்த இரண்டாவது நோட்டு அது. பிறகு 2021-இல் வருகைப் பதிவுக்கு ஒரு செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் அதைக் கட்டாயமாக்கினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. டெல்லியில் உட்கார்ந்து எந்த ஊராட்சியில் எத்தனை பேர் என்று திரையில் பார்க்க முடிந்தது. 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பியது: சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று. மேலே இருப்பவருக்குப் படம் போதும் என்றால் கீழே இருப்பவர் படத்தைத்தான் தயாரிப்பார். அட்டையில் வேலை நாள் பதிந்திருக்கிறதா என்று ஊர்க்கூட்டத்தில் கேட்கும் கேள்விக்கு ஈடான ஒன்று அந்தத் திரையில் இருக்கவில்லை.

கருவிக்காரர்களிடம் இதற்கு ஒரு பதில் உண்டு. பவர் பிஐயில் யாருக்கு எந்த வரி தெரிய வேண்டும் என்று பிரித்து வைக்கும் வசதி இருக்கிறதே, டெய்லருக்கு டெய்லரின் வரியைக் காட்டலாமே என்பார்கள். இருக்கிறது. மறுக்கவில்லை. நான் பார்த்தவரை அந்த வசதியை மறைக்கத்தான் பயன்படுத்துகிறார்கள். காட்டப் பயன்படுத்திய ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. காரணம் மனம் மட்டும் இல்லை, விலையும்தான். பவர் பிஐ ப்ரோ உரிமம் ஓர் ஆளுக்கு மாதம் 10 டாலராக இருந்தது. 2025 ஏப்ரலில் 14 ஆக்கினார்கள். சாதாரணமாக, பகிர்ந்த அறிக்கையைப் பார்ப்பவருக்கும் அந்த உரிமம் வேண்டும். அறுபது டெய்லர்கள் உள்ள கம்பெனிக்கு மாதம் 840 டாலர். நம் பணத்தில் 70,000 ரூபாயைத் தாண்டும். பார்க்கும் கண்ணுக்கு இத்தனை என்று விலை வைத்துவிட்டு, டேட்டா எல்லாருக்கும் பொது என்று வகுப்பெடுப்பது எந்த ஊர் நியாயம்?

டெய்லர்களுக்கு வரைபடம் புரியாது என்பது இன்னொரு பதில். இதைக் கேட்டால் எனக்கு நிதானம் போய்விடுகிறது. காலர் முனையில் ஒரு நூல் அளவு பிசகினாலும் விரலால் தடவிச் சொல்லும் பெண்களுக்கு நாலு கோடும் ஆறு கட்டமும் புரியாதா? புரிந்துவிடும் என்பதுதான் பயம். பக்கத்துக் கம்பெனியில் அதே காலருக்கு என்ன ரேட், ஒரு சட்டைக்கு ஓனருக்கு என்ன நிற்கிறது என்று அடுத்த கேள்வி வந்துவிடும். ஊபரிலும் நம் நாட்டு ஓலாவிலும் ஓடிய ஐரோப்பிய ஓட்டுநர்கள் தங்களைப் பற்றிக் கம்பெனி வைத்திருக்கும் தகவலைத் தங்களுக்கும் காட்டச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. நம் டெய்லர்கள் கோர்ட்டுக்கெல்லாம் போகமாட்டார்கள். காலண்டர் தாளில் எழுதிக்கொள்வார்கள்.

நத்தத்துச் சட்டைக் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிவியைக் கழற்றச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி அதே கணக்கை ஆளுக்கு ஒரு தாளாக அச்சடித்துக் கொடுங்கள். உரிமம் வேண்டாம், டாலர் வேண்டாம். சிஸ்டம் சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் டெய்லர் சொல்லும் எண் என்று ஒரு காலிக் கட்டம் விடுங்கள். சனிக்கிழமை இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் பேசுங்கள். பேசி முடித்ததும் திரையில் உள்ளதையும் திருத்துங்கள், அந்தப் பாஸ்வேர்டை சூப்பர்வைசரிடமும் கொடுத்து வையுங்கள். அந்தக் காலிக் கட்டம் இல்லாத வரை, எத்தனை வண்ணத்தில் ஒளிர்ந்தாலும் சுவரில் தொங்குவது ஒருதலைக் கணக்கு.