பெரிய கோயிலும் காமிராவும்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் கேரளாந்தகன் வாசலைத் தாண்டி, ராஜராஜன் வாசலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறார்கள். நந்தி மண்டபத்துக்குச் சற்றே ஒதுங்கி நின்று, அண்ணாந்து, கைபேசியை உயர்த்துகிறார்கள். விமானம் முழுவதும் படத்தில் விழ வேண்டும். அதற்கு முன்னால் தாமும் விழ வேண்டும். இரண்டும் விழுந்துவிட்டால் கோயிலைப் பார்த்தாகிவிட்டது. இதைக் குற்றம் என்று சொல்ல நான் வரவில்லை. பெரிய பொருளின் பக்கத்தில் ஒரு கணம் நின்றுகொள்ள ஆசைப்படுவது மனித சுபாவம். ஆனால் படம் என்ற அளவில் அவை நல்ல படங்களா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காரணம் கட்டடத்திலேயே இருக்கிறது. கீழே இரண்டு நிலைச் சுவர் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அதற்கு மேல்தான் பதின்மூன்று தளங்கள் ஒன்றையொன்று விட்டுக்கொடுத்துக் குறுகிக்கொண்டே போகின்றன. உயரம் ஏறக்குறைய 200 அடி. காமிராவை அண்ணாந்து பிடித்தால், நேராக நிற்கிற சுவரும் சேர்ந்து பின்னால் சாய்கிறது. குறுகவேண்டிய இடத்துக்கும் குறுகக்கூடாத இடத்துக்கும் வித்தியாசம் போய்விடுகிறது. சிற்பி கணக்குப் பார்த்துச் செய்த காரியத்தைக் கண்ணாடிச் சில்லு கணக்கில்லாமல் செய்துவிடுகிறது.

இதைவிட வேடிக்கை, படத்துக்குக் கீழே எழுதப்படுகிற வாசகம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எழுதுகிறார்கள். அதே படத்தில் நிழல் நீளமாக விழுந்து கிடக்கும்! உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் இப்படித்தான். பல கற்களைச் சேர்த்து அமைத்தது அது. கண் எதிரே இருப்பதைப் பார்க்காமல், கேட்டதைப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. கட்டியவனுக்கு இந்தப் பொய்கள் எதற்கு? கி.பி. 1010-இல் ராஜராஜன் செய்து முடித்தது போதாதா?

இந்தக் கோயிலைப் படம் பிடித்தவர்களில் ஒருவரை மட்டும் நான் விமரிசகனுக்குரிய மரியாதையோடு நினைக்கிறேன். லின்னியஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. சென்னை அரசாங்கத்துக்கென்று நியமிக்கப்பட்ட புகைப்படக்காரர். 1858-இல் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகு ஏற்றிய காகிதத்தில் படம் பதித்த காலம் அது. வெகு நேரம் ஒளி பட வேண்டும். அதற்குள் நடமாடுகிறவர்கள் படத்தில் நிற்காமல் கரைந்து போய்விடுவார்கள். அதனால் அவருடைய கோயில்கள் பெரும்பாலும் ஆளில்லாத கோயில்கள். பிராகாரங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. பார்க்கிறவனுக்கு இது பூஜை நடக்கிற இடமா, பாழடைந்த இடமா என்றே சந்தேகம் வரும். இது அந்தப் படங்களின் பெரிய குறை. வானம் வெறுமையாகத் தெரிந்த படங்களில் மேகங்களைத் தாமே தீட்டிச் சேர்த்துவிடுகிற வழக்கமும் அவருக்கு உண்டு. (இன்றைக்குக் கைபேசிகள் அந்தக் கைவேலையைச் சொல்லாமலே செய்துகொள்கின்றன.)

ஆனால் அவர் வேறொரு காரியம் செய்தார். அண்ணாந்து பார்த்த காமிராவை இறக்கி, விமானத்தின் அடித்தளத்தில் வெட்டியிருக்கிற கல்வெட்டுகளுக்கு நேரே வைத்தார். ஒரு படம் எடுத்து, சற்றுத் தள்ளி வைத்து, அடுத்தது; மறுபடியும் தள்ளி வைத்து, அடுத்தது. இப்படி எடுத்த இருபத்தொரு படங்களை வரிசையாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரு சுருளாக்கினார். கோயிலைக் கட்டியவன் கரிகாலன் என்று தலபுராணம் சொல்லிக்கொண்டிருந்த நாள் அது. ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மன் அறிஞர் கல்வெட்டுகளைப் படித்து, கட்டியவன் ராஜராஜன் என்று ஐயமற நிறுவுவதற்கு இன்னும் முப்பது வருஷம் போல இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று உலகத்துக்குத் தெரியாத ஒன்றை, ஒரு வரியும் விடாமல் சுற்றி நடந்து பதிவு செய்வதென்றால் அதற்கு ஒரு தனிச் சிரத்தை வேண்டும். 1859-இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், புகைப்படமெல்லாம் சர்க்காருக்கு ஆடம்பரச் செலவு என்று கருதி இந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

அப்படி என்னதான் எழுதியிருக்கிறது அந்தக் கல்லில்? நாவல் படிக்கிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ராஜராஜனும் அவன் அக்கா குந்தவையும் மற்றவர்களும் கொடுத்த நகைகள், பாத்திரங்கள், விக்கிரகங்கள். பொன்னை ஆடவல்லான் என்ற கல்லாலும், ரத்தினங்களைத் தக்ஷிணமேருவிடங்கன் என்ற கல்லாலும் நிறுத்த எடை. முத்துக்களில் வட்டம் எத்தனை, அனுவட்டம் எத்தனை, ஒப்புமுத்து எத்தனை, குறுமுத்து எத்தனை. பழுதுள்ள மாணிக்கத்தைப் பழுதுள்ளது என்றே கணக்கில் எழுதியிருக்கிறார்கள். ஒரு விளக்கு எரிய 96 ஆடுகள். அவற்றை ஏற்ற இடையன் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சுற்றுச் சுவருக்குப் போனால் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல்: எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். தையற்காரன், குயவன், நாவிதன், வண்ணான், கணக்கன் யாரும் விடுபடவில்லை. கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் கல்லில் இருக்கிறது.

சரித்திர நாவல் எழுதுகிற நாம் இந்தப் பெண்களில் ஒருத்தியையாவது வீட்டு எண்ணோடு கதைக்குள் கொண்டுவந்திருக்கிறோமா? குதிரை ஏறி வருகிற இளவரசன்தான் வருகிறான். பின்னணியில் விமானம் நிற்கிறது. அண்ணாந்து எடுத்த படத்துக்கும் இந்த நாவலுக்கும் உள்ள உறவு நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது. கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிட்டு நாவலைப் படித்துவிட்டதாக நினைக்கிற வாசகனைப்போல, உருவக்கோட்டைப் பிடித்துவிட்டுக் கோயிலைப் பிடித்துவிட்டதாக நினைக்கிறோம்.

படத்துக்கு அகப்படாத இடமும் அங்கே உண்டு. கருவறையைச் சுற்றிய குறுகலான உள்சுற்றில், நாயக்கர் காலச் சித்திரங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-வாக்கில் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். காமிராவோடு பின்வாங்க அங்கே இடம் கிடையாது. துண்டு துண்டாகத்தான் எடுத்துச் சேர்க்க வேண்டும். பொதுமக்களை அங்கே விடுவதில்லை. ஓவியத்தின் நன்மைக்கு அதுவே சரி.

வெளியே அந்தத் தடை இல்லை. மார்கழி, தை மாதங்களில் மாலை வெயில் தெற்குப் பக்கத்துச் சுவரில் சாய்வாக விழும். அப்போது எழுத்தின் ஒவ்வொரு குழியிலும் நிழல் தேங்கி, பகலெல்லாம் மங்கிக் கிடந்த வரிகள் தெளிவாகத் தெரியும். ஏணி வேண்டாம், அண்ணாந்து பார்க்க வேண்டாம். குனிந்தால் போதும். அந்த நேரத்தில் கூட்டமெல்லாம் கிழக்கே நந்திக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.