ராமன் காது கொடுத்த லண்டன்

சி. வி. ராமன் 1921இல் இங்கிலாந்து வந்து திரும்பிய கதையை நாம் எப்போதும் கப்பலில் வைத்தே சொல்கிறோம். மத்தியதரைக் கடலின் நீலம், அது ஏன் நீலம் என்ற கேள்வி, 1930இல் நோபல் பரிசு. எல்லாம் கண்ணின் கதை. அதே பயணத்தில் அவர் லண்டனில் காதைக் கொண்டு செய்த வேலை நம் மேடைப் பேச்சுகளில் வருவதேயில்லை. நம் கச்சேரிகளுக்கு அதுதான் அதிகம் தேவை என்பேன்.

செயின்ட் போல்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்குக் கீழே ‘விஸ்பரிங் கேலரி’ என்னும் வட்ட மாடம் இருக்கிறது. சுவரோரம் கிசுகிசுத்தால் 30 மீட்டருக்கு மேல் தள்ளி எதிர்ப்புறம் நிற்பவருக்குக் கேட்கும். குவிமாடம் ஒலியைத் திருப்பி எதிர்முனையில் குவிக்கிறது என்றார் வானியலாளர் ஏரி. எதிர்முனையில் மட்டுமா, சுவர் நெடுகக் கேட்கிறதே என்றார் ரேலி பிரபு. ஒலி வளைந்த சுவரை ஒட்டி ஊர்ந்து போகிறது என்பது அவர் விளக்கம். ராமனும் சதர்லாந்தும் அங்கே இன்னொன்றைக் கவனித்தார்கள். சுவரை விட்டு நடுவை நோக்கி விலகும்போது ஒலி ஒரே சீராகத் தேய்வதில்லை. குறைகிறது, கூடுகிறது, மறுபடி குறைகிறது. அந்த ஆண்டே ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வெறுங்காற்றில் ஒலிக்கு மேடு பள்ளம் உண்டு. காதை நகர்த்தினால்தான் தெரியும்.

அதற்கு முந்தைய ஆண்டு ராமன் சிவகாளி குமாருடன் எழுதியது மிருதங்கம் பற்றி. வெறும் தோலைத் தட்டினால் எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாது. வலந்தலையின் கரணை, அந்தப் பாரத்தால், அவற்றை இசைய வைக்கிறது. தோலிலும் பேராலயத்திலும் அவர் கேட்டது ஒன்றே: உருவம் ஒலியை என்ன செய்கிறது?

நம் லண்டன் அரங்கேற்றங்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என ஒலிவாங்கி வைப்பார்கள். இரண்டையும் கலந்து மேடையின் இரு கரைப் பெட்டிகளிலும் ஒரேபோல விடுவார்கள். மிருதங்கக்காரப் பிள்ளை இடப்பக்கம் இருக்கும், வலப்பக்கச் சுவர் அதிரும். திரையில் நடிகர் நகர, குரல் மட்டும் ஓரிடத்திலிருந்தே வந்தது பொறுக்காமல்தான் ஈ.எம்.ஐ. பொறியாளர் அலன் புளூம்லைன் இரட்டைத்தட ஒலிப்பதிவை யோசித்தார் என்பார்கள். 1931இல், இதே ஊரில், காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தொண்ணூறு வருடம் கழித்தும் நமக்கு அந்தச் சங்கடம் உறைக்கவில்லை.

அறுநூறு பேர், பின்வரிசையில் ரோல்ஸ் பொட்டலம் பிரியும் சத்தம் என்றால் பெட்டி வேண்டும்தான். நூறு பேர் கொள்ளும் தேவாலய மண்டபத்துக்கும் அதே பெட்டியா? ஸூமிலும் ஹெட்போனிலும் படித்து வரும் பிள்ளைகளுக்குத் தொப்பி என்பது வெறும் ‘பூம்’. ரவை அப்பிய அந்தத் தோலின் குமுக்கி எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று கேட்க வாய்ப்பிருப்பது மண்டபத்தில் மட்டுமே.

தனி ஆவர்த்தனத்துக்காவது பெட்டியை அணைத்துப் பார்க்கலாம். முன்வரிசைப் பிரமுகர்களையும் எழுப்பி, பின்சுவர் வரை மெல்ல நடந்து கேட்கச் சொல்லலாம்.